பூப்போட்டுக் கேட்ட மெட்ராஸ் பயணம்

சௌந்திரத்தின் கைகள் மகனுடைய கால்சட்டையின் உட்பக்கத்தில் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தன. பைக்குள் போக வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு. அதில் தகப்பன் பேர், ஊர், லாரி ஆபீஸ் டெலிபோன் நம்பர். வியர்வையில் மை கரையாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் தாளில் மடித்திருந்தாள். மெட்ராஸ் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளைக்கு அழத்தான் தெரியும். எந்த ஊர் என்று கேட்டால் "எருமப்பட்டி ரோட்டுல, புளியமரத்துக்கு அக்கட்டால ஊடு" என்று சொல்லும். மெட்ராஸ் போலீஸ்காரன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

எண்பத்தாறாம் வருஷத்துக் கோடை அது. அவள் புருஷன் சென்னிமலை நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஓட்டுகிறவன். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் தங்கினால் பெரிது. மெட்ராஸில் கடற்கரையை ஒட்டி ராட்டினங்களுக்கென்றே ஒரு பூங்கா இருப்பதை லோடு இறக்கப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து, இந்தப் பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளைக் கூட்டிப்போவது என்று சொன்னான். சொல்லிவிட்டு லாரி ஏறிவிட்டான். மீதியெல்லாம் சௌந்திரத்தின் தலையில் விழுந்தது.

அவள் அதை ஒழுங்காகத்தான் செய்தாள். சின்னப் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போகிறவர்கள் பலகாரத்தை நினைக்கிறார்களே தவிர வயிற்றை நினைப்பதில்லை. சௌந்திரம் வயிற்றை நினைத்தாள். முதல் நாளுக்குப் புளிச்சோறு, அடுத்த நாளுக்குக் கெட்டுப்போகாத முறுக்கும் பொரிகடலை மாவும். கொதித்து ஆறின தண்ணீர் இரண்டு கேனில். பஸ்ஸில் வாந்தி எடுத்தால் பிடிக்க பால் கவர், துடைக்கப் பழைய வேட்டித் துணி, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், காய்ச்சல் மாத்திரை. ஆளுக்கு மூன்று மாற்றுத் துணி, எல்லாம் பருத்தி. மெட்ராஸில் தங்குவதற்கு அவள் சித்தி மகள் வீடு இருந்தது. கடலில் இறங்கக் கூடாது, ராட்டினத்தில் முதலில் சின்னது, பெரியது பொழுதோடு வெயில் தாழ்ந்த பிறகு என்பது வரை யோசித்து வைத்துவிட்டாள்.

யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அது கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமி அறையில், தென்மேற்கு மூலையில், உத்தரத்தில் கட்டிய மூங்கில் கூடையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடைக்குள் ஒரு பாவாடையும் சட்டையும் இருந்தன. செல்லாயியுடையவை. சௌந்திரத்தின் மூத்த பெண். எண்பதாம் வருஷம் சேலத்துப் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றக் கூட்டிப்போகிறேன் என்று சென்னிமலை அவளிடம் சொல்லியிருந்தான். புறப்பட வேண்டிய அன்று காய்ச்சல். அடுத்த வாரம் போகலாம் சாமி என்றார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறியது. அடுத்த வாரம் அவள் இல்லை. ஆறு வயது.

அந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் சாமியாகிவிடுவாள். வருஷத்துக்கு ஒரு புதுத்துணி, நோம்பி பண்டிகைக்கு ஒரு படையல். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும். சாமியானவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் செல்லாயி என்று சொன்னதில்லை. பெற்றவளும் சொன்னதில்லை.

மெட்ராஸ் பேச்சு எடுத்த நாளிலிருந்து வீட்டில் ஏதோ சரியில்லை. கூடை ஆடியது. உத்தரத்தில் பல்லி ஓடினாலும் கூடை ஆடும் என்பது சௌந்திரத்துக்குத் தெரியும். ஆனால் பல்லி ஓடி முடித்த பிறகும் ஆடினால் அதற்கு என்ன சொல்வது? துவைத்துக் காயப்போட்ட துணிகளில் பொன்னியின் பாவாடை மட்டும் எப்போதும் நனைந்தே இருந்தது. பொன்னி என்பது சின்னவள் பொன்னாத்தாள், ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது, அக்காளைப் பார்த்ததே இல்லை. அவள் பகலில் தூங்கும்போது பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோல ஒரு கையை அந்தப் பக்கமாகப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

ஒருநாள் தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தபோது பொன்னி கேட்டாள்: "ஏம்மா, ராட்டனம் மேல போறப்ப நம்மூடு தெரியுமா?"

சௌந்திரத்தின் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. இதே கேள்வியைச் செல்லாயி கேட்டிருந்தாள், இதே துவைகல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு.

"தெரியாது. மெட்ராசு தூரம்" என்று சொல்லிவிட்டு மீதித் தண்ணியை ஊற்றினாள். பிள்ளையின் காதில் சோப்பு இருந்தது. அதைக் கழுவ வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் மாரக்காள் வந்தாள். சென்னிமலையின் அக்கா, சௌந்திரத்துக்கு நங்கை முறை, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். வந்ததும் மூட்டைகளைப் பார்த்தாள்.

"ஏஞ் சௌந்திரம், ஊட்டையே காலி பண்ணீட்டுப் போறியா? இத்தன மூட்டை?"

"ரெண்டு புள்ளைங்க நங்கை. வாந்தி கீந்தி எடுத்தா மாத்தோணுமில்லைங்க."

"அதெல்லாஞ் செரி. கன்னிகிட்ட உத்தரவு கேட்டியா?"

சௌந்திரம் முறுக்கு டின்னைப் பைக்குள் திணித்தாள்.

"கேக்காம வண்டியேறுனா வழியில எதுன்னா ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா? படிச்சவ கணக்கா மாத்திரைப் பொட்டலம் கட்டி வெச்சுட்டாப் போதுமா? போயி பூ பறிச்சுட்டு வா."

நந்தியாவட்டையும் செவ்வரளியும் வந்தன. மாரக்காள் இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் கட்டி, வெளியே தெரியாமல் கூடைக்குக் கீழே வைத்தாள். கற்பூரம் காட்டினாள்.

"தாயே, கன்னித்தெய்வமே, உன்ற தம்பியும் தங்கச்சியும் ஊரு பாக்கப் போறாங்க. போயிட்டு நல்லபடியா வர உத்தரவு குடு தாயே. வெள்ளையக் குடு."

பொட்டலத்தை எடுக்கக் குழந்தை கைதான் வேண்டும். பொன்னியைக் கூப்பிட்டார்கள். பிள்ளை இரண்டையும் பார்த்தது. ஒன்றின் மேல் கை வைத்தது, பிறகு யாரோ கையைத் தட்டிவிட்டதுபோல விலக்கிக்கொண்டு மற்றதை எடுத்தது.

பிரித்தால் சிவப்பு.

மாரக்காள் உட்கார்ந்துவிட்டாள். "வேண்டாங்குது" என்றாள், குரல் இறங்கிப்போய். "உடு சௌந்திரம். மூட்டையப் பிரி."

"இன்னொருக்காக் கேக்கலாமுங்க நங்கை."

"ஒரு நாளைக்கு ஒருக்காத்தான். சாமிகிட்ட வெளையாடறதா?"

அன்று மத்தியானம் பொன்னியின் உடம்பு சுட்டது. சௌந்திரம் அக்குளில் கை வைத்துப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வெயிலில் ஓடிவந்த சூடுதான் அது. இரண்டு டம்ளர் மோர் குடித்ததும் தணிந்துவிட்டது. அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் திரும்பத் திரும்ப நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். செல்லாயிக்கும் முதலில் வெயில் சூடு என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னது சௌந்திரமேதான்.

மூன்று மணிவாக்கில் சென்னிமலை வந்து சேர்ந்தான். லாரியை ஆபீஸில் விட்டுவிட்டு, முகத்தில் புழுதியோடு, கையில் இரண்டு வெயில் தொப்பியோடு. அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு கூடையைப் பார்த்தபடி இருந்தான்.

"அப்பறம் என்ன பண்றது" என்றான். "வேண்டான்னா வேண்டாம். சேலத்துக்குக் கூட்டிப்போகாத என்ற பேச்சை அவ இனி நம்புவாளா?"

சௌந்திரம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு இருந்த லீவு இந்த நாலு நாள்தான். இதை விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் பொன்னிக்கு ஏழு வயது. இந்தப் பிள்ளை ஆறு வயதைத் தாண்டும் என்று சௌந்திரம் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. இந்த வருஷம் வீட்டில் அடைத்து வைத்தால், பிறகு எந்த வருஷமும் இவளை வாசல் தாண்ட விடத் தன்னால் முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூடைக்குக் கீழேயே வளர்த்து, கூடைக்குக் கீழேயே வைத்திருப்பாள். அப்படி வளர்கிற பிள்ளைக்கும் கூடைக்குள் இருக்கிற துணிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அவள் எழுந்துபோய் மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். முறுக்கு டின்னை வெளியே எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு மகன் தண்டாயுதபாணி ஓடிவந்தான். ஒன்பது வயது, அழுகையை மறைக்கத் தங்கச்சியைச் சீண்டுகிற வயது.

"உன்னாலதான் புள்ள! செகப்ப எடுத்தியில்ல? பாரு, நானு, அம்மா, அப்பா மூணு பேரும் போறோம். உன்னைய அத்தையூட்டுல உட்டுட்டு!"

பொன்னி ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு போய்ப் பெரிய பையின் மேல் ஏறி உட்கார்ந்து, அதன் காதுகளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஆரும் போகக் கூடாது!" என்று கத்தினாள். "என்னைய உட்டுட்டு ஆரும் போகக் கூடாது!"

மாரக்காள் சிரித்துவிட்டாள். "அட, இதென்ன வீம்பு! இவளும் அவ கணக்கா…" என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

சௌந்திரம் முறுக்கு டின்னைக் கீழே வைத்தாள்.

"நங்கை" என்றாள். "நாம கேட்டது தப்புங்க."

"என்ன தப்பு?"

"போயிட்டு வரோம், உத்தரவு குடுன்னு கேட்டோம். ராட்டனஞ் சுத்தக் கூட்டிப்போறேன்னு சொல்லி ஏமாத்துன புள்ளைகிட்டப் போயி, உன்ற தங்கச்சியக் கூட்டிப்போறோம், நீ ஊட்டுல இருன்னு சொன்னா, அது வெள்ளையா குடுக்கும்? இவ என்ன சொன்னா கேட்டீங்கல்ல?"

"அது சாமி, சௌந்திரம்."

"ஆறு வயசுங்க நங்கை. சாமியானாலும் ஆறு வயசு."

சாமி அறையில் கூடை ஆடும் சத்தம் கேட்டது, கயிறு உத்தரத்தில் உராயும் சத்தம். அதைக் கேட்காததுபோல யாரும் நடிக்கவில்லை.

சௌந்திரம் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கற்பூரம் எடுக்கவில்லை, பூ எடுக்கவில்லை. கூடைக்கு நேர் கீழே நின்றாள். பிள்ளைகளிடம் பேசும்போது எந்தக் குரலில் பேசுவாளோ அதே குரலில் பேசினாள்.

"செல்லாயி."

வெளியே மாரக்காள் "ஐயோ" என்றது கேட்டது.

"செல்லாயி, கேளு. நாளைக்கு வெள்ளென கெளம்பறோம். மெட்ராசுல பெரிய ராட்டனம் இருக்குது. நீயும் வா. கூட்டத்துல கைய உடக் கூடாது. தம்பி கூடச் சண்டை போடக் கூடாது. பொன்னிய எதுவும் பண்ணக் கூடாது, ஆமா, சொல்லிட்டேன். அவ சின்னவ. அவ கைய நீ புடிச்சுக்கோ."

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கூடை மட்டும் ஆடாமல் நின்றிருந்தது, காற்று இல்லாத வீட்டில் கூடை எப்படி நிற்குமோ அப்படி. வெளியே வந்து பிரித்த மூட்டைகளை மறுபடி கட்டினாள். மாரக்காள் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். அந்த வீட்டுக் கன்னியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு என்ன நடக்குமோ என்று அவளுக்குப் பயம் இருந்தது. பயத்தோடுதான் முடிச்சுப் போட்டாள்.

"என்ன நடந்தாலும் உன்ற பொறுப்பு" என்றாள்.

"என்ற பொறுப்புதானுங்க. எப்பவுமே."

மறுநாள் விடிகாலையில் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. சேலத்திலிருந்து மெட்ராஸுக்கு ரயில். சென்னிமலை மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு வந்தான். மூன்று பேர் சீட்டில் தண்டாயுதபாணியைத் தகப்பனோடு உட்காரவைத்து, எதிர்ப்பக்கத்து இரண்டு பேர் சீட்டில் பொன்னியை மடியில் வைத்துக்கொண்டு சௌந்திரம் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. கண்டக்டர் வந்தான்.

"பெரியவங்க ரெண்டு. அரை டிக்கெட் மூணு" என்றாள்.

கண்டக்டர் எண்ணிப் பார்த்தான். "ரெண்டுதானுங்க இருக்குது? மூணாவது எங்கீங்க?"

சென்னிமலை எதிர்ச் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"இருக்குதுங்க" என்றாள் சௌந்திரம். "கிழிங்க."

அவன் கிழித்துக் கொடுத்தான். பஸ் நகர்ந்தபோது நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் ஜன்னலோரச் சீட்டைக் காட்டி, உட்காரட்டுமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டி, அங்கே ஆள் இருக்கிறது என்றாள். பொன்னி அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு கையை நீட்டி, எதையோ பிடித்துக்கொள்வதுபோல விரல்களை மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். சௌந்திரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் காலியான சீட்டின் குறுக்கே தன் கையை அணை கொடுத்து வைத்துக்கொண்டாள், சேலம் வரும் வரைக்கும்.