மைனரின் காதுக்கு ஒரு குரல்

"ஏனுங்க மைனரே, முன்னால பள்ளமுங்க. சோத்தாங்கைப் பக்கமா ஒதுங்குங்க. ஆங், அப்படித்தான். சைக்கிள் ஒண்ணு வருதுங்க, மெரளாதீங்க."

தாராபுரம் சந்தையிலிருந்து சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராசாத்தாள் பேசியபடியே வண்டியோட்டி வந்தார். கேட்டுக்கொண்டு வந்தது குதிரை. வெள்ளை உடம்பில் சாம்பல் புள்ளி விழுந்த ஆண் குதிரை, பெயர் மைனர். அதற்கும் 'ங்க' போடாமல் அவருக்கு வாய் வராது. "பேரை மைனருன்னு வெச்சுப்போட்டு, வாடா போடான்னா நல்லாவா இருக்கும்?" என்பார்.

கணவர் இறந்த மறுமாதமே வண்டியில் ஏறியவர். சேலைக்கு மேல் அந்த மனிதரின் முழுக்கைச் சட்டையை இன்னும் போட்டுக்கொள்கிறார். எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்து டீக்கடையில் தினமும் ஒரே கணக்குதான்: "பன்னு மைனருக்கு, டீ எனக்கு." கையில் சாட்டை உண்டு. அது பெரும்பாலும் அவர் தன் முதுகைச் சொறிந்துகொள்ளத்தான் பயன்படும்.

ஓயாத இந்தப் பேச்சுக்காக வண்டி ஸ்டாண்டில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். ஆட்டோ ஓட்டும் அப்துல் குத்தூஸ் விடமாட்டார். "ஆத்தா, செய்தி முடிஞ்சுதுங்களா? ஒரு பாட்டுப் போடறது."

"உன்ற ஆட்டோ இருமறதுக்கு என்ற பேச்சு எவ்வளவோ தேவலை, போடா."

ராசாத்தாளின் முழங்கால் வலிதான் எல்லாவற்றையும் மாற்றியது. வண்டியில் ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைனரை வாங்க வந்த இருவரை ராசாத்தாள் திருப்பி அனுப்பினார். இருவருமே தோல் வியாபாரிகள். மூன்றாவதாகக் கேட்டு வந்தவர் சத்தியமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் சென்னகிருஷ்ணன். தோப்புக்குள் தேங்காய் வண்டி இழுத்தால் போதும், நிழலுண்டு, புல்லுண்டு. "இவரும் உட்டுட்டா அந்தத் தோல்காரனுகதான் திரும்ப வருவானுங்க" என்று முந்தின நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் வேன் வந்தது. ராசாத்தாள் குதிரையின் கண்ணோரத் தோல்பட்டைகளைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டார். சென்னகிருஷ்ணன் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்துக் குதிரையின் முகத்துக்கு நேராகச் சட்டென்று வீசினார். மறுபக்கம் போய் இன்னொரு முறை வீசினார்.

"ஏனுங்கம்மா, கண்ணு தெரியாதுங்களே?"

"யாருக்குங்க?"

"குதிரைக்குத்தானுங்க. ரெண்டும் போயிருச்சு."

ராசாத்தாள் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க போங்க. நேத்துத் தண்ணிக்குக் கூட்டிப்போறப்பக்கூட லாரிக்கு ஒதுங்கி நின்னாருங்க. நாந்தான் சொன்னேன், லாரி வருது, ஒதுங்..."

வாய் அந்த இடத்திலேயே நின்றது.

குதிரையின் முன்னால் போய்த் தன் கையையே ஆட்டினார். இமை அசையவில்லை. இன்னும் கிட்டத்தில் ஆட்டினார். விழியின் மேல் பாலாடைபோல ஒரு வெளுப்பு. வயதானதால் என்று நினைத்திருந்தாராம். கண்ணில் நீர் வடிந்தது தூசியால் என்று நினைத்திருந்தாராம். எப்போது மங்கியது, எப்போது முழுதாக அணைந்தது, ஒன்றும் தெரியவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டில் ரேடியோ நின்றுபோய் யாரும் பார்த்ததில்லை. குத்தூஸ் ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஆடி மாசம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்று ராசாத்தாள் யாரையும் பார்க்காமல் சொன்னார். "பேச்சே வரலை. இவரு ஓரடி நகரலைங்க. திமிருன்னு நெனச்சுப்போட்டேன். சாட்டையில ரெண்டு வெச்சுப்போட்டேனுங்க."

மடியில் கிடந்த சாட்டையை ஏதோ பாம்பைத் தள்ளுவதுபோலத் தள்ளினார்.

சென்னகிருஷ்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "பாவமாத்தானுங்க இருக்குது. ஆனா கண்ணில்லாததைக் கொண்டுபோயி நான் என்ன பண்ணட்டும்?"

ராசாத்தாள் எழுந்தார். குதிரையின் தலைக்கயிற்றை உருவிப் போட்டார். "மைனரே, வாங்க. கீழ ஏர்க்கால் கெடக்குது, தாண்டுங்க. பீச்சாங்கைப் பக்கம் கல்லு. நில்லுங்க." கயிறில்லாத குதிரை வண்டியின் ஏர்க்காலைத் தாண்டிக் கல்லை ஒதுக்கி நடந்து, சொன்ன இடத்தில் நின்றது.

சென்னகிருஷ்ணன் குதிரைக்கு எதிரே வந்து நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஏய், இங்க வா."

குதிரை அசையவில்லை.

"ஏய்னா வரமாட்டாருங்க. 'ங்க' போடோணும்."

தோப்புக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஸ்டாண்டே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, "வாங்க மைனரே" என்றார். ஒரு காது அவர் பக்கம் திரும்பியது. சிரிப்பதற்குத் தோதான இடம்தான். குத்தூஸ்கூடச் சிரிக்கவில்லை.

"நம்ம தோப்புல பேசறதுக்கு ஆளுண்டுங்க" என்றார் சென்னகிருஷ்ணன். "கூட்டிட்டுப் போறேன்."

வேனின் பின்னால் பலகை சாய்த்தார்கள். ஏற்றிவிட ராசாத்தாள் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி திறந்தார், வரவில்லை. குதிரை இரண்டு காதையும் அவர் பக்கம் திருப்பிக் காத்து நின்றது. அதன் கழுத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றுவிட்டு, சென்னகிருஷ்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"முன்னால பலகைங்க மைனரே. மேடு. காலை எடுத்து வெய்யுங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

குதிரை சற்றுத் தயங்கியது. பிறகு ஏறியது. தோப்புக்காரரும் முன் சீட்டுக்குப் போகாமல் வெள்ளை வேட்டியோடு பின்னாலேயே ஏறி அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வேன் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் ராசாத்தாளுக்குக் குரல் திரும்பியது. வெற்றுச் சாலையைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "எண்ணெய்க் கடை வேகத்தடை வருதுங்க. குலுங்கும். இப்ப பஸ் ஸ்டாண்டு வளைவுங்க, சாயாம நில்லுங்க..."

சட்டையின் நீண்ட கைக்குள்ளிருந்து நீட்டிய அவருடைய இடது கை, இல்லாத கடிவாள வாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தது.