முட்டி வலி அக்கா

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படிப்பு அஞ்சாவதோட சரி. மறதியும் உண்டு. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

மூக்கண்டப்பள்ளி கிளினிக்கில் இப்போ டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நம்மைக் கேட்காமல் நம்ம விவரத்தை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சட்டமாம். போன வாரம் என்கிட்டயும் சம்மதம்னு கையெழுத்து வாங்கினாங்க. நல்லதுதான். ஆனா பழைய கம்பவுண்டர் ஞாபகம் வந்துட்டுது.

ஒல்லி ஆளு, வெள்ளை மீசை, தொண்டை மட்டும் பெரிசு. நோயைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார். தெருவுக்கே கேட்கும்.

எனக்கு வலிப்பு. அதுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மகளுக்குக் கெலமங்கலத்தில் சம்பந்தம் பேசிக்கிட்டிருந்த நேரம். பார்த்தா, மாப்பிள்ளையோட அம்மா என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாங்க. வலிப்புன்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிடும். கம்பவுண்டர்கிட்ட ரகசியமா சொல்லவும் எனக்குக் கூச்சம். நான் அவரையும் அந்தம்மாவையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனிச்சாரோ என்னமோ, சீட்டைப் பார்த்துட்டுக் கத்தினார்.

"முட்டி வலி அக்கா, உள்ள வாங்க!"

உள்ளே போய், "என் முட்டி நல்லாத்தானேங்க இருக்கு?" என்றேன்.

"அப்ப வெளிய போறப்ப கொஞ்சம் நொண்டிக்கிட்டே போங்க."

கல்யாணம் நடந்தது. சம்பந்தி எதிரில் மூணு வருஷம் நொண்டினேன்.

எங்க எதிர்வீட்டு அம்மாவை அவர் சர்க்கரை அக்கான்னு கூப்பிடுவார். ஒருநாள் நான் சட்டுனு உள்ளே போனப்ப, அவங்க அடுப்படியில் நின்னு வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு நிஜமா என்ன நோய்னு நான் கேட்கலை.

சட்டத்தைப் பத்தி எழுதினது சரியான்னு மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்க.