கிளமெண்ட் பின்னால் உட்கார்ந்தால்

“வாயால செஞ்சு காட்டுங்க மேடம்” என்கிறார் மெக்கானிக் கிளமெண்ட். பின்சக்கரத்தில் ‘ஒரு மாதிரி’ சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் அவருக்கு ஆகாது. “ஒரு மாதிரின்னா இன்னா மாதிரி?” காரோடு வந்த அந்த அம்மாள் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு “கொர்ர்... கொர்ர்...” என்கிறார். கிளமெண்ட் கண்ணை மூடிக் கேட்கிறார். “பிரேக் புடிச்சா சத்தம் நிக்குதா, ஜாஸ்தி ஆவுதா?” அம்மாள் இன்னொரு தபா கொர்ருகிறார். எதிர் டீக்கடையில் இருப்பவர்கள் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

எங்கள் ஊர் கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், தகரம் வேய்ந்த ஷெட் அவருடையது. ஐம்பது வயது, தாராளமான தொப்பை. வண்டிக்கு அடியில் நுழையும்போதெல்லாம் “அண்டர்கிரவுண்டு போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். தொப்பை உள்ளே போகுமா என்று நாங்கள் கவலைப்படுவோம். போய்விடும்.

நடித்துக் காட்டியதோடு விடமாட்டார். வண்டிக்காரரே ஓட்ட வேண்டும். இவர் பின்னால், சக்கரத்துக்கு மேலே சரிந்து உட்கார்ந்து, தகட்டில் காதை ஒட்டிக்கொள்வார். மாரிகுப்பம் ரோட்டில் ஒரு நடை. அந்த ரோட்டில் இல்லாத பள்ளம் வேறெந்த ஊரிலும் இல்லை. ரேடியோ கூடாது, பேச்சு கூடாது. ஒருமுறை என் மனைவி ரெபேக்காவை வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அடக்கம் என்பது அவர் அகராதியில் கிடையாது. “இந்தக் காது பொய் சொன்னதே இல்லண்ணா” என்பார். சொல்லியிருக்கிறது. எங்கள் தெரு டக்ளஸ் வீட்டுக் காரில் பேரிங் போய்விட்டது என்று சக்கரத்தையே கழற்றிப் போட்டார்; பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஒரு தேங்காய் உருண்டுகொண்டிருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் சட்னி அரைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதிலிருந்து, வண்டியைக் காலி செய்யாமல் காதை வைப்பதில்லை.

அந்தத் தேங்காய்க்கு நான் கடமைப்பட்டவன்.

என் மகள் ஜெனிட்டாவுக்கு இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இது மூன்றாவது. எட்டு மாதம் முடிந்ததும் வேலூருக்கு வந்து தங்கிவிடுங்கள், வண்டி குலுங்காமல் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். என் பழைய வேனோ பின்பக்கம் ‘டொக், டொக்’ என்று இடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீர் பிடித்து வரும் நாட்களில் இடிப்பதில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் கேன் ஏறாத வண்டி ஏது? நிறைந்த கேன் நாலு பின்னால் இருந்தால் சத்தமும் இல்லை, குலுக்கலும் குறைவு. கண்கண்ட மருந்து என்று எண்ணி, கேன்களை இறக்காமலே ஒரு மாதம் ஓட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காற்றுப் பிடிக்கத்தான் ஷெட்டில் நிறுத்தினேன்.

“கேனு இன்னாத்துக்குண்ணா?” என்றார்.

பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு கேனையும் தானே இறக்கி, “ஓட்டுங்க” என்று பின்னால் ஏறிக்கொண்டார். முதல் பள்ளத்திலேயே டொக். “நிறுத்துங்க. இனிமே ஓட்டாதீங்க.” நடுரோட்டிலேயே அண்டர்கிரவுண்டு போனார்.

வெளியே வந்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சை, மேலே இருக்கும் வில் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் ஒன்று உடைந்திருந்தது. இன்னொன்றில் நட்டு கழலக் காத்திருந்தது.

“வெயிட்டு அமுக்கினு இருந்துச்சு, அதான் சத்தம் வரல. வேலூர் போற வழில பேரணாம்பட்டு மலைல வளைவுல திருப்புறப்போ அச்சு நவுந்திருக்கும்ணா. பாப்பாவ வெச்சுனு...” நான் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

இரண்டு பக்கமும் புது போல்ட் போட்டார். மாரிகுப்பம் ரோட்டில் காலி வண்டியாகப் போய் வந்தோம். சத்தமே இல்லை. இருந்தும் இன்னொரு நடை போகச் சொன்னார்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும் நேரத்தில், தலையைப் படிய வாரி, சலவைச் சட்டையோடு வாசலில் நின்றார். “பேரணாம்பட்டுல எங்க சின்னம்மா ஊடு கீதுண்ணா. பாத்து நாளாச்சு. அங்க எறக்கி வுட்டுருங்க.”

வழக்கம்போல் பின்னால், சக்கரத்துக்கு மேலேதான் உட்கார்ந்தார். மலை இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். சலவைச் சட்டை கசங்க, காது தகட்டில் இருந்தது. ஜெனிட்டா தூங்கிவிட்டாள். ரெபேக்கா கேட்காமலே வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு அருகே இறங்கினார். “ஒண்ணும் இல்லண்ணா. இனிமே நேர் ரோடுதான், பாட்டு கூட போட்டுக்கோங்க.” சின்னம்மா வீடு எந்தத் தெரு, அங்கேயே விட்டுவிடுகிறேன் என்றேன். “பக்கந்தான், நீங்க போங்க” என்று கையை ஆட்டினார்.

கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். கிளமெண்ட் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஓடி, நாங்கள் இறங்கி வந்த மலை வழியே எங்கள் ஊருக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.