நிலாவில் ஏழு கிலோ

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபத்தில், ஊர் ஊராகச் சுற்றும் அறிவியல் கண்காட்சி நடக்கிறது. செந்துறை பஸ் வர நேரமாகும் என்பதால் உள்ளே நுழைகிறேன். பந்தி மேஜைகளில் இந்தப் பக்கத்துக் குவாரிகளில் கிடைத்த, கல்லாகிப்போன கடல் நத்தைகள். மணமேடையில் கோளரங்கம் என்ற பெயரில் ஒரு கறுப்புக் கூடாரம் காற்றடைத்து உப்பி நிற்கிறது. கூட்டமெல்லாம் 'நிலாவில் உங்கள் எடை' என்று எழுதிய மெஷின் முன்னால்தான். அதற்கு மேலே, நிலாவின் தூசியில் மனிதன் பதித்த காலடியின் பெரிய படம்.

எனக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு முழங்கால்வரை சுண்ணாம்புத் தூசி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார்.

"இங்க நாப்பத்திரண்டு கிலோ. நிலாவுல ஏழே கிலோதாம்மா," என்கிறார் கண்காட்சிக்காரர்.

"அப்ப அங்க கல்லும் கனக்காதா?"

"ஆறுல ஒரு பங்குதான் கனக்கும்."

"அப்ப கூலியும் ஆறுல ஒரு பங்குதான் குடுப்பாங்க."

வரிசையே சிரிக்கிறது. நானும்தான். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க? எங்க குவாரிக்குக் கல்லு உடைக்கிற மெஷின் வந்துச்சு. வேல லேசாயிடுச்சுன்னு சொல்லிக் கூலியப் பாதியாக்கிட்டாங்க. நாங்க தூக்கற கல்லு அதே கல்லுதான்."

அவர் இறங்கிப் போகிறார். மெஷின்மேல் அவருடைய இரண்டு காலடிகளும் வெள்ளை வெளேரென்று பதிந்திருக்கின்றன.

"அடுத்த ஆள் ஏறுங்க," என்று சொல்லிக்கொண்டே கண்காட்சிக்காரர் ஒரு துணியை எடுத்து அவற்றைத் துடைக்கிறார்.