கண்ணுக்கு முன்னால் எடுத்த ரத்தம்

அச்சன்புதூர் பால் சொசைட்டியில் பத்தொன்பது வருஷமாக டெஸ்டர் வேலை பார்க்கும் பொன்செல்வி பால் குடிப்பதில்லை. வீட்டில் அவளுக்கு மட்டும் பால் விடாத கட்டங்காப்பி. ஏன் என்று கேட்டால், நூற்றிருபது வீட்டுப் பாலைத் தினமும் பார்க்கிறவளுக்கு எந்த வீட்டுப் பாலைக் குடிக்க மனசு வரும் என்று திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய கணவரின் அண்ணன் சுந்தரபாண்டியன் போலீஸில் எஸ்.ஐ. ஆக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டை அவருக்கு, சந்தேகம் பொன்செல்விக்கு என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கேனைத் திறந்ததும் முதலில் முகர்வாள். பிறகு பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்க விடுவாள். பிறகு ஒரு கரண்டிப் பால் மெஷினுக்குப் போகும். கொழுப்பு மட்டும் குறைந்திருந்தால் ஆடையை எடுத்திருக்கிறார்கள். எல்லாமே ஒன்றாகக் குறைந்திருந்தால் தண்ணீர். தண்ணீர் ஊற்றியது தெரியாமலிருக்க உப்புப் போடுகிறவர்களும் உண்டு. அதற்கு அவள் நாக்கே போதும்.

ஒரே ஒரு முறை தவறியிருக்கிறாள். ஆனந்தவள்ளி என்ற கைம்பெண்ணின் பாலை இரண்டு நாள் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் நாள் விடியலில் அவள் தொழுவத்துக்கே போய், வாளியைத் தானே கழுவிக் கவிழ்த்துத் தட்டி, தன் கண்ணுக்கு முன்னால் கறக்கச் சொன்னாள். கறந்த பாலும் அப்படியே நீர்த்துத்தான் இருந்தது. மாட்டுக்கு மடிநோய். அன்று காலை சொசைட்டியில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், தப்பு என்னுடையது என்று பொன்செல்வி சொன்னாள். அதிலிருந்து தொழுவத்துக்குப் போய்ப் பார்க்காமல் யார் பாலையும் திருப்புவதில்லை. "மாட்டைக் கேட்டாத் தெரியும்" என்பாள்.

அவள் கணவர் சுடலைராஜ் டெம்போ ஓட்டுகிறவர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் கொண்டுபோவார். போன ஆடியில் சாரல் பிடித்திருந்த நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்தது என்று மாத்திரை போட்டுக்கொண்டே நான்கு நாள் வண்டி ஓட்டினார். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. எலிக்காய்ச்சல் என்று சொல்லி, குற்றாலம் போகிற சாலையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, தொண்டைக்குள் மூச்சுக்குழாய் போட்டார்கள்.

பொன்செல்வி எனக்குச் சித்தி முறை. நான் நான்கு வருஷம் வெளியூர்களில் அலைந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். இங்கிலீஷ் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். எந்த ஊரிலும் ஆறு மாதம் தாங்காதவளான எனக்கு அந்த இரும்பு நாற்காலிகளில் ஒரு நாள் உட்காருவதே பெரிய பாடாக இருந்தது. சித்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசையாமல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். கேன்டீன் மோர், மாத்திரை அட்டையின் தேதி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நர்ஸுகள் சிரித்துப் பேசுவது, எதையும் விடவில்லை.

டாக்டர் எபனேசர் இளைஞர், பொறுமைசாலி. முதல் நாளே எங்களை உட்கார வைத்துச் சொன்னார். கல்லீரல் ஆல்புமின் என்றொரு புரதத்தை உண்டாக்குகிறது. உடம்பு பெரிய நோயோடு போராடும்போது ரத்தத்தில் அது இறங்கும். சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதம் ஏறும். தினமும் காலையில் ரத்தம் எடுத்து இரண்டையும் பார்ப்போம். முதலாவது இறங்கிக்கொண்டும் இரண்டாவது ஏறிக்கொண்டும் போனால் ஆள் தேறுவது கஷ்டம். இரண்டும் திரும்பினால் நம்பலாம். ஆனால் இது நூறு பேரைப் பார்த்துச் சொல்கிற கணக்கு, ஒரு ஆளுக்கு இப்படித்தான் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

"அப்போ அத எங்கிட்ட எதுக்கு சொல்லுதிய சார்?" என்று சித்தி கேட்டாள். டாக்டர் சிரித்தார். அது அவளுக்கு இன்னொரு சந்தேகமானது.

ஆல்புமின் முதல் நாள் 3.1. இரண்டாம் நாள் 2.9. மூன்றாம் நாள் 2.7. சித்தி அவற்றைத் தன் கைப்பைக்குள் ஒரு காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். நான்காம் நாள் காலை ஏழரைக்கு டியூட்டி டாக்டர் வெளியே வந்தார். எபனேசர் இன்னும் வந்திருக்கவில்லை. லேபிலிருந்து போனில் சொன்னார்களாம், ஆல்புமின் 1.6. ஹீமோகுளோபினும் பதினொன்றிலிருந்து ஆறரைக்கு வந்துவிட்டது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது போலிருக்கிறது, புரதம் இவ்வளவு இறங்கியவர்கள் மீள்வது அபூர்வம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

எங்களோடு சுந்தரபாண்டியனும் இருந்தார். அதைக் கேட்டதும் சித்தியிடம் வந்தார். அவர் அப்பாவின் உயிர் ஆஸ்பத்திரியில் போனது. அந்தக் குறை அவருக்கு இன்னும் இருக்கிறது.

"எம்மா, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். அவன் வீட்டுல, அவன் கட்டுல்ல போகட்டும்."

சித்தி கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து 1.6 என்று எழுதினாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணப் போனார். மூச்சுக்குழாயை எடுத்தால் வீடு சேரும்வரைகூடத் தாங்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் அந்தப் பக்கம் போனதும் சித்தியின் சந்தேகம் கிளம்பியது. முதலில் சுந்தரபாண்டியன் மேல். அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? பிறகு மருத்துவமனை மேல். ஐந்தருவியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்த ஒருவரை அன்று காலை கொண்டுவந்திருந்தார்கள். ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக அவருடைய சொந்தக்காரர்கள் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கட்டில் வேண்டும், அதனால்தான் நம்மை அனுப்புகிறார்கள் என்றாள். அடுத்து, ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய் மாறியிருக்கும், வேறு யாருடைய ரத்தமோ என்றாள். நான் உள்ளே போய்க் கேட்டு வந்தேன். குழாயில் அவர் பெயரும் எண்ணும் சரியாகத்தான் ஒட்டியிருந்தன. அவளால் தாங்க முடியவில்லை, அதனால் கண்டதையும் பிடித்துத் தொங்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் எனக்கும் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தால் தேவலை என்று தோன்றியது.

எட்டு மணிக்கு மேல் முழு ரிப்போர்ட்டும் அச்சாகி வந்தது. "ஆல்புமின் மட்டும் வேண்டாம்ட்டி, எல்லாத்தயும் வாசி" என்றாள். நேற்றையதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக வாசித்தேன். ஹீமோகுளோபின் பதினொன்றிலிருந்து ஆறரை. ஆல்புமின் 2.7இலிருந்து 1.6. கால்சியம் எட்டிலிருந்து ஐந்துக்கும் கீழே. சி.ஆர்.பி. 210 இருந்தது, 124.

"நில்லு. அது ஏறணும்லா?"

ஆமாம் என்றேன். நோய் முற்றினால் அது ஏற வேண்டும்.

"அதுவும் எறங்கியிருக்கு. எல்லாம் ஒரே அளவுக்கு எறங்கியிருக்கு. எதாவது கூடியிருக்கா பாரு."

தேடினேன். ஒரே ஒன்றுதான் நன்றாகக் கூடியிருந்தது. குளோரைடு, 104இலிருந்து 124. அது என்ன என்று கேட்டாள். உப்பில் இருக்கிறது என்றேன்.

சித்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். நான்கு நாளில் அவள் அப்படி வேகமாக எழுந்து நான் பார்க்கவில்லை.

"தண்ணி ஊத்துனவன் உப்பும் போட்டிருக்கான்."

டியூட்டி டாக்டர் அவள் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை. பால் வேறு, ரத்தம் வேறு அம்மா என்றார். எபனேசர் வரும்போது கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. சுந்தரபாண்டியன் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கையில் வைத்திருந்தார். சித்தி அவரைத் தாண்டிப் போய் டாக்டர் முன்னால் இரண்டு ரிப்போர்ட்டையும் நீட்டினாள். விளக்கமெல்லாம் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ எடுங்க சார். என் கண்ணுக்கு முன்னால எடுங்க. அப்பவும் இதான்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

எபனேசர் ரிப்போர்ட்டை நின்றபடியே படித்தார். அவர் விரல் குளோரைடு வரியில் நின்றது. எங்களையும் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சுடலைராஜின் இடது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஊசிக்கு நான்கு விரல் மேலே, முழங்கை மடிப்பில், புதிதாகக் குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. காலையில் ரத்தம் எடுத்த நர்ஸ் ஜாய் டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். எந்தக் கையில் எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதும் கைப்பையைக் கீழே வைத்தாள். வலது கை வீங்கி நரம்பே கிடைக்கவில்லை, அதனால் இந்தக் கையில் எடுத்தேன், சலைனை நிறுத்திய உடனே எடுத்துவிட்டேன் என்றாள். கொஞ்ச நேரம் பொறுக்காததால், ஏறிக்கொண்டிருந்த சலைன் உப்புநீரும் ரத்தத்தோடு குழாய்க்குள் வந்திருக்கிறது.

காலில் நரம்பு தேடி எடுத்தார்கள். சித்தி ஜாயின் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அதில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே இருந்த சின்ன மெஷினில் ஹீமோகுளோபின் பத்து நிமிடத்தில் வந்தது. 10.8. கசிவு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆல்புமின் வந்தது. 2.6.

எபனேசர் மன்னிப்புக் கேட்டார். அதோடு இதையும் சொன்னார். "2.6ம் நல்ல நம்பர் இல்லம்மா. நேத்தைய விட இன்னைக்கு எறங்கித்தான் இருக்கு."

"கெட்டதாவே இருக்கட்டும் சார். அவரோடதா இருக்கணும்லா."

சுந்தரபாண்டியன் கையிலிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கீழே போனார். வரும்போது ஒரு கட்டங்காப்பி வாங்கிவந்து சித்தியிடம் கொடுத்தார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

ஜாயைப் பற்றிப் புகார் எழுதித் தரவா என்று கேட்டேன். சித்தி வேண்டாம் என்றாள். நேற்று மதியத்திலிருந்து அந்தப் பெண் வீட்டுக்குப் போகவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றாள். அவள் யாரையும் பார்க்காமல் விட்டதில்லை. ஜாயிடமே அகலமான பிளாஸ்திரி கேட்டு வாங்கி, கேனில் நம்பர் எழுதுகிற பெரிய எழுத்தில், 'இந்தக் கை வேண்டாம்' என்று எழுதி சுடலைராஜின் இடது கையில் ஒட்டினாள்.

அதன் பிறகும் ஆல்புமின் இரண்டு நாள் இறங்கியது. 2.5, 2.3. இரண்டு நாளும் சித்தி ரத்தம் எடுக்கும்போது கூடவே நின்றாள், முழு ரிப்போர்ட்டையும் என்னை வாசிக்க வைத்தாள். ஏழாம் நாள் 2.3லேயே நின்றது, சி.ஆர்.பி. முதல் முறையாக நிஜமாகவே இறங்கியது. உடனே மற்ற வரிகளைக் கேட்டாள். அவை இருந்த இடத்திலேயே இருந்தன. எட்டாம் நாள் 2.4.

பதினோராம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். குழாய் எடுத்த தொண்டையில் சுடலைராஜுக்குக் குரல் சரியாக வரவில்லை. வெகு நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்திரி அழுக்காகி ஓரம் சுருண்டிருந்தது, எழுத்து அழியவில்லை.

"யாரு எழுதுனா இது?"

"நான்தான்."

"எங்கையில எழுதுததுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கண்டாமா?"

சித்தி அவர் குடிக்க வைத்திருந்த கஞ்சியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன். ஒங்க ரத்தத்துல நீங்கதான சொன்னிய."