மூடியைத் திறக்காத வாரம்

போன வியாழக்கிழமை காலை, இரண்டு முட்டைகளில் ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தது. கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்ட மாதிரி...

கோழி முட்டை இல்லை. பல்லி முட்டை. சுவரில் ஓடுகிற பல்லியும் அல்ல. கெக்கோ என்று, உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளியோடு கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்களே, அது. என் மகன் பிரபு வளர்ப்பது. அவன் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறிய அதே வாரம் அது முட்டையிட்டது. "நைனா, இத்த மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராயபுரத்துச் சூடே முட்டைக்குப் போதும். ஈரம்தான் விஷயம். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள். அதில் பாதி புதைந்த முட்டைகள். புரண்டுவிடக் கூடாதென்று மேல்பக்கம் பென்சிலில் ஒரு புள்ளி. மூடியில் ஊசித்துளைகள், பக்கத்திலேயே தேதி — தேதி போடாமல் நான் எதையும் விடமாட்டேன். ஈரம் கூடினால் பூஞ்சை. குறைந்தால் முட்டை சுருங்கிப் பள்ளம் விழும்; ஈரம் ஏறினால் மறுபடி நிரம்பும். இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன்.

படித்தும் பள்ளம் விழுந்தது எப்படி? உப்பு ஜாடியிலேயே கசிகிறது என்று மனைவி புலம்புகிற வீடு இது. இங்கே ஈரத்துக்குப் பஞ்சமா?

கீழ்வீட்டு இஸ்மாயில் பாயிடம் போனேன். கல்மண்டபத்தில் கயிறு வியாபாரம் செய்பவர். அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளிக்கு எத்தினி தபா தொறக்கற, மாமு?"

"போட்டோ எடுக்கத்தான், பாய்..."

"கோயி கூட அடைல குந்துனா கம்முனு கீது. நீ இன்னாத்துக்கு போட்டோ புடிச்சிகினே கீற? அதுக்கு ஆதார் கார்டு எடுக்கப் போறியா?"

சிரித்துக்கொண்டே மாடியேறினேன். பாதிப் படியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை திறந்தபோதும், ஃபேன் காற்றில், டப்பாவின் ஈரம் போய்க்கொண்டிருந்தது.

ஏன் திறந்தேன்? "சாப்பிட்டியாப்பா?" என்று அனுப்பினால் நீல டிக் மட்டும் விழும். முட்டை போட்டோ அனுப்பினால், நெட் கிடைத்தவுடன் பதில் வரும். "சூப்பர் நைனா." அந்த ஒரு வரிக்காகக் காலையில் ஒரு போட்டோ, சாயந்திரம் ஒரு போட்டோ. முட்டையின் ஈரத்தை நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

தூரத்துப் பிள்ளைகளிடம் பேச நமக்கெல்லாம் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சிலருக்கு ஓ.டி.பி. சிலருக்கு டி.வி. ரீசார்ஜ். எனக்கு முட்டை.

அன்றே, முட்டையின் மேல் படாமல் ஓரமாகச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மூடினேன். காற்றுப் படாத அலமாரிக்குள் வைத்தேன். வெள்ளி, சனி... போட்டோ போகவில்லை. ஃபோன் சும்மா கிடந்தது. துறைமுகத்தில் சங்கு ஊதும்போதெல்லாம், அவன் கப்பல் இல்லை என்று தெரிந்தும், ஜன்னலுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.

"நைனா, இன்னா ஆச்சு? போட்டோவே காணோம்?"

"ஒரு முட்டை பள்ளமாயிடுச்சுடா. தொறக்காம வெச்சிருக்கேன்."

"முட்டைய வுடு. நீ எப்டி கீற?"

ஜன்னலோரம் உட்கார்ந்து, முட்டையைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பள்ளம் நிரம்பியதா என்றுதானே கேட்கிறீர்கள்? நாளை வியாழன், திறந்து பார்ப்பேன். வாரத்துக்கு ஒரு தபா போதும் என்று பிரபு சொல்லியிருக்கிறான்.

முட்டைக்கு அது போதும்.