கேப்டனின் தபால்களை நான் பார்த்துக்கொண்ட காலம்

“எப்பலேர்ந்து இப்படி இருக்கார்?” என்று டாக்டர் கேட்டார். ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி கிளினிக். மேசைக்கு இந்தப் பக்கம் கேப்டன், அவர் மனைவி, ஆபீஸில் அவர் பக்கத்து சீட்டில் இருந்த நான். சாந்தோமில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்த அம்மாளை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். “ரிட்டயர் ஆனதுக்கப்புறம்தான் டாக்டர். ஒன்றரை வருஷம் இருக்கும்” என்று டீச்சர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். ஒன்றரை வருடமெல்லாம் இல்லை, ஐந்து வருடத்துக்கும் மேலே. அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊர்க்கதை எல்லாம் பேசுகிற என் வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

மாநிலக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதால் அவர் எங்களுக்குக் கேப்டன். இரண்டு முறை இந்திய அணியின் சட்டையும் போட்டவர். சாந்தோம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவரை, இருபது வயதில் எங்கள் அலுவலகம் தன் அணிக்காக வேலைக்கு எடுத்துக்கொண்டது. நான் சேர்ந்தபோது அவர் உச்சத்தில் இருந்தார். ஆபீஸ் மேட்ச் என்றால் மூன்று மணிக்கே சீட்டை விட்டு எழுந்து போய்க் கத்த வேண்டும். அது எழுதாத உத்தரவு. எனக்குக் கால்பந்தில் ஆனாவும் தெரியாது. ஆனாலும் ஒரு கோல் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல மழை. பந்து ஊறிக் கனத்திருந்தது. மூலையிலிருந்து ஒருவன் அதைத் தூக்கி அடிக்க, கோலுக்கு முன்னால் நான்கு பேர் எம்பினார்கள். மூன்று பேர் தரைக்கு வந்துவிட்டார்கள், இவர் மட்டும் இன்னும் மேலேயே இருந்தார். பந்து நெற்றியில் மோதிய சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டு வரை கேட்டது. கோல்! பக்கத்திலிருந்த டைப்பிஸ்ட் சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளிவிட்டாள். மறுநாள் பாராட்டப் போனவர்களிடம், “காலு ஓடறதுக்கும்மா. கோல் போடத்தான் ஆண்டவரு மண்டைய குடுத்துக்கீறாரு” என்று அந்த மண்டையைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்கள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. கோப்பை வந்தால் நம் எல்லோருக்கும்தானே பெருமை! வயதாகி அணியை விட்டபின் கேப்டனைத் தபால் பிரிவில் என் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார்கள். வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் ஒழுங்காகவே செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பழைய ஆட்களோடு கடற்கரையில் ஆடுவார். திங்களன்று நெற்றியில் மணல் ஒட்டிய சிராய்ப்போடு வருவார்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. இரண்டு கடிதங்களுக்கு ஒரே எண். சட்டப் பிரிவுக் கடிதம் கட்டடப் பிரிவுக்குப் போயிற்று. ஒரு நாள் ஒரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எங்கம்மா போவும்?” என்று கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை கேட்டார். எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நேற்று வரை செய்த வேலையை ஒரு மனிதர் மறக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன செய்தேன் தெரியுமா, கிண்டலடித்தேன். “பந்து மட்டும் கரெக்டா கோலுக்குப் போவுது, லெட்டர் போவ மாட்டேங்குதே கேப்டன்!” அவரும் சிரித்தார். “நமக்கு இந்த எழுத்து வேலையெல்லாம் செட் ஆவாதும்மா.” பிரிவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்: ப்ளேயர்தானே, விடு. பழைய வழக்கம் கையோடு இருந்தது. பதினொரு மணிக்கு அவர் தபால்களை என் மேசைக்கு இழுத்துக்கொள்வேன். அதிகாரி கேட்டால், “கேப்டன்தான் சார் முடிச்சார்” என்பேன். அவர் ரிட்டயர் ஆகும் வரை நாலு வருடம் அப்படி ஓட்டினேன். ஒரு பெரிய மனிதரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று மனசுக்குள் பெருமை வேறு.

நடுவில் ஒரு நாள் டீச்சர் எனக்குப் போன் செய்தார். “ஆபீஸ்ல எப்படி இருக்கார்மா? வீட்ல சாவிய எங்கெங்கேயோ வச்சிட்றார், சொன்னதையே சொல்றார். பயமா இருக்கு.” நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “அட போங்க டீச்சர்! இங்க ஜம்முனு இருக்கார். ஒரு தப்பு கெடையாது.” அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. நல்ல காரியம் செய்தோம் என்று போனை வைத்தேன்.

கிளினிக்கில் டீச்சர் கேட்டார், “பந்தை தலையால அடிச்சதுனாலயா டாக்டர்?” உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார் அவர். “முன்னாடியே வந்திருந்தா ஆட்டத்தை அப்பவே நிறுத்தச் சொல்லியிருப்பேன். குணமாயிருக்கும்னு சொல்லலை. இன்னும் கொஞ்ச நாள் நல்லா இருந்திருக்கலாம்.” ஆட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் கேப்டன் நிமிர்ந்தார். “சண்டே மேட்ச் கீது சார், சீக்கிரம் வுடுங்க” என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? எத்தனை ஞாயிறு, எத்தனை பந்து? ஆட்டோவில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கெடுதல் செய்தவன் மன்னிப்புக் கேட்கலாம், தண்டனை வாங்கிக்கொள்ளலாம். உதவி என்று நினைத்து இப்படிச் செய்தவள் எங்கே போய் என்ன கேட்பது? இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

சாந்தோம் வீட்டில் கேப்டன் உள்ளறையில் படுத்தபின், டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“போன் பண்ணிக் கேட்டேனே உங்கள.”

“கேட்டீங்க டீச்சர்.”

“ஒரு தப்பு கெடையாதுன்னீங்க.”

“ஆமா.”

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைத் திட்டவே இல்லை.

“ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா செய்றவரு, வீட்ல மட்டும் வேணும்னே பண்றார்னு நெனச்சேன்மா. நம்மள மதிக்கலன்னு நெனச்சேன். சாவி தொலைஞ்சா திட்டினேன். கேஸ் அடுப்ப அணைக்கலன்னா திட்டினேன். கத்துவேன், அவர் ஒண்ணும் புரியாம நிப்பார். நடிக்கிறீங்களான்னு அதுக்கும் திட்டினேன். தெனமும் திட்டினேன்மா.”

சொல்லிக்கொண்டே முகத்தை மூடி அழுதார். எனக்கு அவர் தோளைத் தொடக்கூடக் கை வரவில்லை. சத்தம் கேட்டுக் கேப்டன் எழுந்து வந்துவிட்டார். மனைவி அழுவதைப் பார்த்துப் பதறிப்போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இன்னாத்துக்கு அழுவுற?” என்று டீச்சரின் கையை முகத்திலிருந்து விலக்கினார். “யார்னா திட்டுனாங்களா உன்ன? யாருன்னு சொல்லு, நான் கேக்கறேன்.”